காய்ச்சலை வேவு பார்த்தவர்

சோப்புத்தூள் கம்பெனியில் அவருக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் 'நல விசாரணையாளர்'. காதுக்கு இதமாகத்தான் இருக்கும். யாரோ நம் நலத்தை விசாரிக்க வருகிறார்கள், கையில் நாலு பழமாவது இருக்கும் என்று தோன்றும். அவர் யார் வீட்டுக்கும் பழம் கொண்டுபோனதில்லை. காலையில் ஒருவர் போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொன்னால், மதியத்துக்குள் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் அந்த வீட்டு வாசலில் நிற்கும். உள்ளே போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து மேனேஜரிடம் இரண்டில் ஒரு வார்த்தை சொல்வார். 'உண்மை' என்றால் அது நோய் விடுப்பு. 'நடிப்பு' என்றால் அன்றைய சம்பளம் வெட்டு. அதோடு, சாப்பாட்டு வேளையில் எல்லோர் காதிலும் விழும்படி மைக்கில் பெயரையும் வாசிப்பார்கள்.

தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மோப்பம். அது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதையும் மோப்பம் பிடித்துத்தானே வைத்திருந்தார்.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஆள் இல்லை. நெற்றியைச் சுட வைக்க வெந்நீர்த் துணி போதும் என்பார். இருமலுக்கும் மயங்க மாட்டார். சோப்புத்தூள் பறக்கிற இடத்தில் இருமாதவர் யார்? வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார், அதில் ஈர மண் ஒட்டியிருக்கிறதா என்று. பிறகு தலையணையைப் பார்ப்பார். காலையிலிருந்து தலை வைத்துப் படுத்திருந்தால் அதில் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவந்து படுத்தவனின் தலையணை கல்யாண வீட்டுத் தலையணை மாதிரி உப்பலாக இருக்கும். வாந்தி என்று சொன்னவன் வீட்டில் வாளியைத் தேடுவார். முதுகுவலி என்றவன் முன்னால் வேண்டுமென்றே தன் பேனாவைக் கீழே போடுவார். அவன் மரியாதைக்குக் குனிந்து எடுத்துக் கொடுத்தால், கதை முடிந்தது.

இவ்வளவு சந்தேகம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. வாலிபத்தில் இதே கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறவராக இருந்தார். ஒரு நாள் அவருடைய ஜோடி ஆள் வயிற்றுவலி என்று வரவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டியதை அவர் ஒருவரே தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து போகும் வழியில், வயிற்றுவலிக்காரன் சினிமாக் கொட்டகை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அன்று அவருக்கு ஒன்று புரிந்தது. ஒருவன் சொல்லும் பொய்யை இன்னொருவன் முதுகில்தான் ஏற்றுகிறார்கள். அந்த இடுப்பு வலி பிறகு போகவே இல்லை, அந்த நினைப்பும் போகவில்லை. மூட்டை தூக்க முடியாமல் போனதும் கம்பெனி அவரை வாசல் காவலுக்கு மாற்றியது. அங்கே பொய் சொல்கிறவர்களை அவர் பிடித்த அழகைப் பார்த்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

வேலை வாசலோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் வந்தது. மனைவி தலைவலி என்று படுத்தால்கூட அவர் கண் தலையணைக்குப் போகும். "பள்ளம் சரியா விழுந்திருக்கா, இல்ல இன்னும் கொஞ்சம் அழுத்திப் படுக்கணுமா?" என்று அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே கேட்பாள். அவர் அசடு வழிந்துகொண்டு வெளியே போவார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அவரைக் கோபித்துக்கொள்வதைவிடக் கிண்டல் செய்வது சுலபமாக இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் மருத்துவக் காப்பீடு வந்து ஏறியது.

ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். தொழிலாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை என்றாலும் இந்த அட்டையை நீட்டினால் போதும். சனங்கள் கையில் வாங்கிய அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். மேனேஜர் கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை சொன்னார். மூன்று மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் நோய் விடுப்பு எடுத்தவர்களின் குடும்பத்தை அட்டையிலிருந்து நீக்கிவிடுவார்கள். கைதட்டல் நடுவில் இது பாதிப் பேர் காதில் விழவில்லை. விழுந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோப்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. போன் வருவது நின்றுபோனது. முதலில் இரண்டு மூன்று பேருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. அவர்களும் நான்கு நாளில் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் வந்தது, ஊரெல்லாம் மூக்கைச் சிந்தியது, கம்பெனியில் மட்டும் அத்தனை பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி வேலைக்கு வந்து நின்றார்கள்.

"பாத்தீங்களா, காப்பீடு கொடுத்தா போதும், நோயே ஓடிடுது" என்றார் மேனேஜர், தானே ஊசி போட்டு விரட்டியதுபோல.

"ஓடலை சார். எங்கேயோ ஒளிஞ்சிருக்கு" என்றார் மோப்பம்.

மேனேஜர் சிரித்தார். மோப்பம் சிரிக்கவில்லை. நேற்றுவரை மாதத்துக்கு இருபது வயிற்றுவலி வந்த இடத்தில் இன்று ஒன்றுகூட இல்லை என்றால், ஒன்று நேற்று வந்தது பொய், அல்லது இன்று வராதது பொய். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு பொய் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தவிர, பார்க்கப் போக வீடே இல்லாவிட்டால் தன் வேலையும் எத்தனை நாளைக்கு என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. அதனால் வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டு, பாக்கெட் போடும் கூடத்துக்குள் நடமாட ஆரம்பித்தார்.

அது நீளமான கூடம். ஒரு முனையில் புனல் வழியாகப் பாக்கெட்டில் தூள் விழும். அதை எடை பார்ப்பார்கள், பிறகு சூடான இரும்புப் பட்டைக்கு நடுவில் வைத்து, காலால் மிதித்து வாயை ஒட்டுவார்கள். கடைசியில் பாக்கெட்டின் மேல் தேதி முத்திரை குத்தி, அட்டைப் பெட்டியில் அடுக்குவார்கள். எல்லாமே நின்றபடி செய்யும் வேலை, முத்திரை குத்துவதைத் தவிர. அங்கே மட்டும் ஒரு ஸ்டூல் கிடந்தது. வாய் ஒட்டும் இயந்திரத்தில் நெடுங்காலமாக நின்றவளை எல்லோரும் சீலக்கா என்று கூப்பிட்டார்கள், சீல் வைக்கிற அக்கா என்பதால். அந்தக் கூடத்தில் சூப்பர்வைசர் பேச்சுக்கு இருக்கிற மதிப்பைவிடச் சீலக்காவின் கண்ணசைவுக்கு மதிப்பு அதிகம்.

மோப்பம் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பல நாள் பார்த்தார். ஸ்டூலில் ஒரே ஆள் உட்காரவில்லை. இன்று ஒருத்தி, நாளை இன்னொருத்தி. யார் உட்காருவது என்பதைச் சீலக்காதான் முடிவு செய்தாள். உட்கார்ந்தவள் முத்திரை குத்தினாள், ஆனால் பத்துக்கு நாலைப் பக்கத்தில் நிற்பவள் இழுத்துத் தான் குத்தினாள். உட்கார்ந்தவளுக்கு யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்வை வழியும்போது அவள் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். இதையெல்லாம் மோப்பத்தின் கண் ஒன்று விடாமல் பார்த்தது. பார்த்து என்ன பயன்? நோயைத் தேடி வீடு வீடாகப் போய்ப் பழகிய மனிதருக்கு, அது வேலை செய்யும் இடத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. யாரோ காசு கொடுத்துச் சுகமான வேலையை வாங்குகிறார்கள், சீலக்கா கமிஷன் பார்க்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார். மேனேஜரிடமும் அப்படியே சொன்னார். மறுநாள் ஸ்டூல் காணாமல்போனது. முத்திரை குத்துகிறவளும் இனி நிற்க வேண்டும் என்று உத்தரவு.

அன்று மாலை வாசலில் சீலக்கா அவரை மறித்தாள்.

"சார், அந்த ஸ்டூல் உங்களை என்ன பண்ணுச்சு?"

"அதுல உட்கார ஆளுக்கு எவ்வளவு வாங்கினே?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். பதில் இல்லாததால்தான் வாயடைத்துப் போனாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு வண்டியை உதைத்தார்.

சீலக்காவை அவருக்கு முன்பே தெரியும். காப்பீடு வந்த புதிதில் விஷக்காய்ச்சலில் படுத்தவர்களில் அவளும் ஒருத்தி. அவர் போய்ப் பார்த்து உண்மை என்று சொன்ன ஒருசிலரில் ஒருத்தி. அப்போதுதான் அவள் புருஷனையும் பார்த்திருந்தார். பெயின்டர். இதயத்தில் வால்வு கெட்டுப்போய், ஏணி ஏற முடியாமல் வேலையை விட்டவன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவு பகலாகச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்கள். அட்டை இருந்தால் நடக்கும். இல்லாவிட்டால், அவர்கள் இருவரின் ஆயுள் சம்பளத்தையும் சேர்த்துக் கொட்டினாலும் நடக்காது. சீலக்காவின் நான்கு நாளும் அந்த விஷக்காய்ச்சலிலேயே தீர்ந்துபோயிருந்தன. தேதி வரும்வரை அவளுக்கு இன்னொரு நாள் நோய் வரக்கூடாது.

நோய் அதையெல்லாம் விசாரித்துவிட்டா வருகிறது? ஸ்டூல் போன அடுத்த வாரம் வந்தது.

அன்றைக்கு மோப்பம் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். ஸ்டூலுக்குப் பதிலாக வேறு என்ன தந்திரம் செய்கிறாள் என்று பார்க்க வேண்டுமே. அவள் கால் மிதியைத் தேடித் தேடி மிதித்தது. பாக்கெட்டை வைக்கும் கை நடுங்கியது. பிறகு, கயிறு அறுந்ததுபோல மடிந்தாள். முன்கை சூடான பட்டையில் பட்டு இழுபட்டது. முதலில் போய்ப் பிடித்தது மோப்பம்தான், அவர்தானே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது ரவிக்கைத் துணியைத் தாண்டி அனல் அடித்தது. வெந்நீர்த் துணியால் அந்தச் சூடு வராது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, யாரிடம் சொல்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், "ஸ்டூல் இருந்திருந்தா ரெண்டு நாள் உட்கார வெச்சுச் சமாளிச்சிருப்போமே அக்கா" என்று அழுதாள்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. துண்டு போர்த்தியவள், தண்ணீர் வாங்கிக் குடித்தவள், பக்கத்துக் கைகள் இழுத்துக்கொண்ட பாக்கெட்டுகள். ஒருத்தியின் காய்ச்சலை இவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல். அதைப் போய் அவர் வியாபாரம் என்றிருக்கிறார். செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

அவளை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியபின் மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்டூலை எடுத்த கோபத்துல டிராமா போடறாளோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நாளைக்குக் கண்டிப்பா வரமாட்டா. போய்ப் பாத்துட்டு வாங்க."

"உண்மையா இருந்தா சார்?"

"இது அஞ்சாவது நாள். புருஷன் பேரு அட்டையில இருந்து போயிடும். என் கையில ஒண்ணும் இல்லை."

"நடிப்பா இருந்தா?"

"சம்பளத்தை வெட்டி, பேரை வாசிப்போம். அவ்வளவுதான். இன்சூரன்ஸ்காரன் நோயாளிகளைத்தான் எண்ணுவான். பொய் சொல்றவனை எதுக்கு எண்ணப் போறான்? பொய் சொல்றவன் நல்ல ஆரோக்கியமாத்தானே இருக்கான்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இது நமக்குள்ள இருக்கட்டும். வெளியே தெரிஞ்சா எல்லாரும் என்னைப் பொய்யன்னு போட்டுக்கோங்கன்னு வந்து நிப்பாங்க."

அன்று மாலை மோப்பம் வீட்டில் டீயை ஆற வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? நான் யார்கிட்ட போய்ச் சொல்றேன்னு பாக்கவா?" என்று கேட்டாள். அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். அவருக்கு அது உறைத்தது.

மறுநாள் போனார். சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேல் இரண்டு அறை. வாசலில் செருப்பு காய்ந்து கிடந்தது. பாயில் சீலக்கா கிடந்தாள், கையில் கட்டு. சுவரில் சாய்ந்தபடியே புருஷன் ஈரத்துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு முறை பிழிந்ததற்கு நாலு முறை மூச்சு வாங்கினான். மோப்பத்தைப் பார்த்ததும் அவள் துணியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை சார். இவரு சும்மா பயந்து போன் பண்ணிட்டாரு. மத்தியானம் வந்துடறேன். அரை நாள் லேட்டுன்னு போட்டுக்கச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து வேகவேகமாகப் பெருக்கினாள். குப்பையே இல்லாத தரை. சுவரைப் பிடித்துக்கொண்டு பெருக்கினாள். பல் கிட்டித்தது, அதைச் சிரிப்பு மாதிரி காட்டினாள். வாழ்க்கையெல்லாம் அவர் முன்னால் ஆட்கள் நோயாளியாக நடித்திருக்கிறார்கள். ஆரோக்கியமாக நடித்தவள் இவள் ஒருத்திதான். எவ்வளவு மட்டமான நடிப்பு.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. 'உன்னைப் பொய்க்காரி என்று சொல்லப் போகிறேன், அதுதான் உன் புருஷனுக்கு மருந்து, கோபித்துக்கொள்ளாதே' என்று இரண்டு வாக்கியம். ஆனால் பழைய புத்தி குறுக்கே விழுந்தது. இவள் தோழியிடம் சொல்வாள். தோழி இன்னொரு தோழியிடம் சொல்வாள். நாளை மறுநாள் அது மேனேஜர் மேசையில் இருக்கும். பொம்பளைகள் நிறைந்த கூடத்தில் ரகசியம் தங்குமா? அவர் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு நீ வந்தாலும் வாசல்ல விடமாட்டாங்க. படு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னால் துடைப்பம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"என்ன?" என்றார் மேனேஜர்.

"நடிப்பு சார்."

"கை சுட்டுச்சே?"

"லேசான காயம். நான் போனப்போ வீட்டைப் பெருக்கிட்டு இருந்தா. என் கண்ணால பாத்தேன்." பெருக்கினதைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. "ஒண்ணு சொல்றேன் சார். நாளைக்கு வந்து பெரிசாக் கத்துவா. கண்டுக்காதீங்க. பொய் சொன்னவங்கதான் ரொம்பக் கத்துவாங்க."

சாப்பாட்டு வேளையில் மைக் அவள் பெயரை வாசித்தது. கூடத்தில் ஒருத்தியும் அடுத்த வாய்ச் சாப்பாட்டை எடுக்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் பாதி இறங்கியும் இறங்காமலும் சீலக்கா வந்துவிட்டாள். வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக மோப்பம் நின்ற இடத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று கூடம் முழுக்கக் கேட்டது.

"என் வீட்டுக்குள்ள வந்து, என் நிலைமையைப் பாத்துட்டு, நடிக்கிறேன்னு எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு உங்களுக்கு? ஒரு நாள் பொய் சொல்லி லீவு போட்டிருப்பேனா நான்? உடம்பு நெருப்பாக் கொதிச்சது சார். இப்பவும் கொதிக்குது. தொட்டுப் பாருங்க. யாரு வேணும்னாலும் தொட்டுப் பாருங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். மோப்பம் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே இவள். இன்னும் இரண்டு பேர் இவள் சொல்வதை நம்பிவிட்டால் தீர்ந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க சார்" என்று அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "அவரு வந்து பாத்துச் சொல்லட்டும், நான் பொய்க்காரியா இல்லையான்னு."

மேனேஜர் தாடையைத் தடவினார். கூப்பிடத்தான் போகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"டாக்டருக்கு எதுக்கு சார் தண்டச் செலவு?" என்றார் மோப்பம் உரக்க. "காய்ச்சல்காரிக்கு இந்தத் தொண்டை வருமா? கத்தற தெம்பைப் பாருங்க. நேத்து வீடு பெருக்கினவ, இன்னைக்குக் கூடத்தையே பெருக்கறா. இவளுக்கு மருந்து வேண்டாம், மேடை போட்டுக் கொடுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே உள்ளே போய்விட்டார்.

சீலக்கா தன் இயந்திரத்துக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்தாள். அன்றிலிருந்து மோப்பம் கூடத்துக்குள் நுழைந்தால், ஒருவர் சொல்லாமலே அத்தனை பெண்களும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். எதிரில் வந்தால் சார் என்கிற வார்த்தைகூட நின்றுபோனது. அவர் அதற்கு ஆசைப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். வீட்டில் மனைவி மட்டும் கேட்டாள், "வலிக்குதா?" என்று. வலிக்கிறது என்றார். அவள் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

அட்டையில் புருஷன் பெயர் அப்படியே இருந்தது. ஏதோ குமாஸ்தா எண்ணுவதில் கோட்டை விட்டுவிட்டான் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். யாரும் போய் விசாரிக்கவில்லை, விசாரித்தால் திருத்திவிடுவார்களே. குறித்த தேதியில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

அது முடிந்த சில நாளில் மேனேஜர் மோப்பத்தைக் கூப்பிட்டார். அவ்வளவு பெரிய செலவு என்றதும் இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். உண்மையிலேயே அறுவைச் சிகிச்சை நடந்ததா, நோயாளி சீலக்காவின் புருஷன்தானா என்று கம்பெனியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் அந்த அறை இருந்தது. அவர் வருவதைப் பார்த்ததும் சீலக்கா எழுந்து வந்து வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள். முன்கையில் தீப்புண் இன்னும் முழுசாக ஆறாமல் பளபளத்தது.

"எதுக்கு வந்தீங்க? இவரும் நடிக்கிறாருன்னு சொல்லவா?"

"இல்லைம்மா. இதை உண்மைன்னு சொல்லத்தான் வந்தேன்."

"இன்னைக்கு மட்டும் உண்மை தெரியுதா உங்களுக்கு?"

அவர் அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தார். பெயின்டர் மல்லாந்து படுத்திருந்தான். நெஞ்சில் கட்டு. தலைக்கு ஒரே ஒரு தலையணை. மூச்சு சீராக ஏறி இறங்கியது. மனிதன் மல்லாந்து படுப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று மோப்பம் நினைத்ததில்லை.

"உள்ளே விடு" என்றான் பெயின்டர் கண்ணைத் திறந்து. சீலக்கா நகரவில்லை. அவன் அங்கிருந்தே மோப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படுத்தே கிடக்கிறவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. "சார், ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தீங்களே. உண்மைன்னு சொல்லியிருந்தா, அது அஞ்சாவது நாள் ஆயிருக்கும். என் பேரு அட்டையில இருந்திருக்காது. அப்படித்தானே?"

மோப்பம் வராந்தாவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார்.

சீலக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. நன்றி சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்வதற்கு வார்த்தையைக்கூடத் தயார் செய்துகொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ அப்படிக் கத்தியிருக்க மாட்டே. நீ கத்தினதாலதான் மேனேஜர் நம்பினாரு."

"அதுக்காகவா சொல்லலை?"

அவள் குரல் தாழ்ந்திருந்தது. அதில் கோபம் இல்லை. அதுதான் அவரைத் தடுமாற வைத்தது. இவளிடம் பொய் சொல்வதில் அர்த்தம் இல்லை என்று பட்டது.

"வெளியே போயிடும்னு பயந்தேன்" என்றார்.

"எத்தனை பேரு காய்ச்சலை அந்த ஸ்டூல்ல உட்கார வெச்சு மறைச்சோம்? அத்தனை பொம்பளைங்களுக்கும் தெரியும். பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எத்தனை நாள் பாத்தீங்க, ஒருத்தி வாயில இருந்தாவது வந்துச்சா? காசு வாங்கினேன்னு நீங்க என் முகத்துக்கு நேரா சொன்னீங்களே, அப்பக்கூட நான் வாயைத் திறக்கலையே சார். திறந்திருந்தா என் பேரு நல்லா இருந்திருக்கும், இன்னும் அஞ்சாறு பேரு அட்டை போயிருக்கும்."

அவர் பார்வை அவள் முன்கைப் புண்ணில் போய் நின்றது.

"எனக்குக் காய்ச்சல்ங்கறதை நம்பினீங்க" என்றாள். "என்னை நம்பலை."

அவருக்கு முகம் சுட்டது. "இவரு தூங்கணும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.